நெப்ராஸ்கா ஆல்பத்தின் ஒலி: நாலு டிராக் கேசட், இரண்டு மைக், வீட்டில் எடுக்க முடியுமா?

தந்திமுனை:
அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நெப்ராஸ்கா (1982) ஆல்பத்தை முன்மாதிரியாக வைத்து ஒரு குரல், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், கொஞ்சம் ஹார்மோனிகா என்று வீட்டிலேயே ஆறு பாடல் எடுக்கத் திட்டம். கணினியில் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாக எடுத்தால் எல்லாம் துல்லியமாக வருகிறது, ஆனால் பாடுகிறவர் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. நெப்ராஸ்காவில் அவர் அடுத்த அறையில் இருட்டில் இருக்கிறார். அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது? கருவியா, எக்கோவா, டேப்பா? பழைய கேசட் மெஷின் வாங்கியே ஆகவேண்டுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். "மனசிலிருந்து பாடுங்கள்" வகைப் பதில்கள் வேண்டாம்.

ரீல்_4:
முதலில் ஸ்பிரிங்ஸ்டீன் பயன்படுத்திய கருவிகளின் வரிசை.

இடம்: நியூ ஜெர்சி, கோல்ட்ஸ் நெக். வாடகை வீட்டின் படுக்கையறை, தரையில் தடித்த கம்பளம். காலம்: 1981 டிசம்பர் கடைசியிலிருந்து 1982 ஜனவரி தொடக்கம் வரை. 'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்' மட்டும் அதே ஆண்டு மே மாதம் சேர்ந்தது. மெஷின்: டீயாக் 144 போர்ட்டாஸ்டுடியோ. 1979-இல் வந்த, சாதாரண கேசட்டில் நாலு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) எடுக்கும் முதல் கருவி. வாங்கி வந்து பொருத்தியவர் அவருடைய கிட்டார் டெக்னீஷியன் மைக் பாட்லன். மைக்குகள்: இரண்டு ஷூர் எஸ்எம்57. அவ்வளவுதான்.

நோக்கம் ஆல்பமே அல்ல. இசைக்குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு டெமோ. அதனால் முறையும் எளிது. குரலும் கிட்டாரும் ஒரே நேரத்தில் இரண்டு டிராக்கில். மீதி இரண்டு டிராக்கில் தேவைப்பட்ட பாட்டுக்கு மட்டும் இரண்டாவது குரல், ஹார்மோனிகா, மாண்டலின், குளோக்கன்ஸ்பீல், டாம்பரின் என்று ஏதாவது ஒன்றோ இரண்டோ. அதற்குமேல் இடமே கிடையாது. பிறகு நாலையும் எக்கோபிளெக்ஸ் டேப் எக்கோ வழியாகக் கலந்து, ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில் ஸ்டீரியோவாக இறக்கினார். அந்த பூம்பாக்ஸ் ஏற்கெனவே ஒருமுறை ஆற்றுத் தண்ணீரில் முங்கி எழுந்தது. நாம் கேட்கும் ஆல்பம் அப்படி இறக்கிய கேசட்டிலிருந்து வந்தது. அதையும் உறைகூட இல்லாமல் சில வாரம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: தூரம் பெரும்பாலும் எக்கோவும் இரண்டாம் தலைமுறைக் கேசட்டும் சேர்ந்து செய்தது. மைக் அல்ல. எஸ்எம்57 இன்றும் அதேதான்.

வடலி:
ரீல்_4 சொன்னதோட இன்னும் ரெண்டு விசயம் சேர்க்கோணும். அந்த நாலு டிராக் மெஷின்ர வேகக் குமிழ் நடுவில நிக்கேல்ல, வேகப் பக்கம் திரும்பித்தான் இருந்தது எண்டு பிறகு ஒலிப்பொறியாளர் ரோபி (டோபி) ஸ்கொட் விளக்கியிருக்கிறார். ஹெட் (டேப்பில ஒலியை எழுதி வாசிக்கிற பகுதி) துப்புரவாக்கினதும் இல்லை. வேகக் கணக்கு இப்பிடி: 1 வீதம் கூடினால் சுருதி 17 செண்ட் (அரைச்சுரத்தின்ர நூறில ஒரு பங்குதான் ஒரு செண்ட்) ஏறும், ஏறத்தாழ 6 வீதம் கூடினால் அரைச்சுரம். பதிஞ்ச அதே மெஷினில, அதே குமிழ் நிலையில போட்டால் ஒரு வித்தியாசமும் விளங்காது. வேற மெஷினுக்கு மாத்தினால் பாட்டு இறங்கும் அல்லது ஏறும். குரல் ஒரு துளி இறங்கினாலே பாடுறவருக்கு வயசு கூடின மாதிரிக் கேட்கும்.

ஆல்பத்தோட சேர்ந்து கிற்றார் வாசிச்சுப் பழகிறவை முதல்ல ஒவ்வொரு பாட்டின்ர சுருதியையும் ரியூனரில பாருங்கோ. 440 ஹேர்ட்ஸ் வழமைச் சுருதியில தந்தி கட்டிப்போட்டு "ஏன் ஒட்டேல்ல" எண்டு மண்டையை உடைக்க வேண்டாம்.

மெட்டுக்காரி:
கருவிப் பட்டியல் சரிதான். ஆனால் ஆல்பத்தைக் கவனித்தால், பதிவு முறை பாடல்களின் கதைக்குள்ளேயே புகுந்திருப்பது தெரியும். முதல் பாட்டு 1958-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் கொலைகள் செய்த சார்ல்ஸ் ஸ்டார்க்வெதரின் வாயால் சொல்லப்படுகிறது. 'ஜானி 99' நியூ ஜெர்சியின் மாவா ஊரில் ஃபோர்டு ஆலை மூடப்பட்டு வேலை போனவன் கதை. அது நிஜமாகவே 1980-இல் மூடிய ஆலை. 'ஹைவே பேட்ரோல்மேன்' தம்பியைத் துரத்திப் போய், கனடா எல்லைக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொள்ளும் போலீஸ்காரனுடையது. 'அட்லாண்டிக் சிட்டி' தொடங்குவதே 1981 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் மாஃபியா தலைவர் ஒருவர் வீட்டில் வெடித்த குண்டோடு. இவர்களில் யாரும் உரக்கப் பேசும் ஆட்கள் இல்லை. விசாரணையில் பதில் சொல்வது போல, எதிரே இருப்பவரை மரியாதையாக விளித்தே பேசுகிறார்கள். அந்தக் குரலை மைக்குக்கு வெகு அருகில் பாடி, எக்கோவால் தள்ளி வைத்ததுதான் விஷயம். தூரத்தில் நின்று சத்தமாகப் பாடினால் அந்த விளைவு வராது.

'ஸ்டேட் ட்ரூப்பர்' இன்னொரு பாடம். நியூயார்க்கின் 'சூசைட்' என்ற இருவர் இசைக்குழுவின் பாட்டுகளை அவர் அப்போது கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே கிட்டார் அசைவு திரும்பத் திரும்ப, பிறகு திடீரென்று ஒரு ஊளை. மூன்று நிமிடம் அடக்கிப் பாடியதால்தான் அந்த ஊளை தலைமயிரைச் சிலிர்க்க வைக்கிறது. தந்திமுனை, இதைப் பதிகிறவராக யோசியுங்கள்: பதிவு லெவலை மெல்லிய பகுதிக்கு வைத்தால் ஊளை உடையும். ஊளைக்கு வைத்தால் மற்றதெல்லாம் இரைச்சலுக்குள் போகும். கம்ப்ரெஸர் போட்டு இரண்டையும் சமமாக்கினால் பாட்டே செத்துப்போகும்.

தந்திமுனை:
நன்றி. குரலும் கிட்டாரும் ஒரே நேரத்தில் என்றால் ஒரு மைக்கில் மற்றது கசியுமே? தனித்தனியாக எடுத்துவிட்டால் என்ன?

ரீல்_4:
எடுக்கலாம். ஆனால் வேறு ஆல்பமாகிவிடும். சேர்ந்து பாடும்போது மூச்சு வாங்கும் இடத்தில் வலது கை தானாகத் தளரும், வரி முடிவில் தாளம் ஒரு நூல் இழுக்கும். தனித்தனியாக எடுத்தால் கிட்டார் மெட்ரோனோம் போல ஓடும், குரல் அதன் பின்னால் ஓடும். கசிவு தடை அல்ல, அதை அமைக்கத் தெரிய வேண்டும்.

கிட்டார் மைக்: கழுத்தும் உடலும் சேரும் இடத்தை (12 முதல் 14-ஆவது ஃப்ரெட்) நோக்கி, 15–20 செ.மீ. ஒலித்துளையை நேராகப் பார்க்கக் கூடாது. 100–200 ஹெர்ட்ஸ் பகுதி உறுமும். எஸ்எம்57 கார்டியாய்டு, அதாவது முதுகுப் பக்கம்தான் அது மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே மைக்கைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, அதன் வால்முனை உங்கள் வாயைப் பார்க்கும்படி வையுங்கள்.

குரல் மைக்: வாயிலிருந்து 8–12 செ.மீ., மூக்கு உயரத்தில், வாயை நோக்கிச் சற்றுக் கீழே. நேருக்கு நேர் வைத்தால் ப, ப்ஹ ஒலிகளில் காற்று மோதும். மெல்லிய துணி வடிகட்டி போதும். 10 செ.மீ.-க்குள் நெருங்கினால் அடித்தொனி தானாகக் கூடும். மெதுவாகப் பாடுகிற குரலுக்கு அது வரம், எனவே பாடும்போது தலையை ஆட்டாதீர்கள்.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் சோதனை. இரண்டு டிராக்கையும் மோனோவாகச் சேர்த்துக் கேளுங்கள். குரல் குழாய்க்குள் இருந்து வருவது போல வெறுமையாக இருந்தால், இரண்டு மைக்குக்கும் குரல் வந்து சேரும் நேர வித்தியாசத்தில் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கிட்டார் மைக்கை 2–3 செ.மீ. முன்னோ பின்னோ நகர்த்தி மறுபடி கேளுங்கள். ஒரு டிராக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழை) திருப்பியும் பாருங்கள், எது தடிமனாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதை ஈக்யூவால் (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பின்னால் சரிசெய்ய முடியாது.

கணினிக்காது:
டேப்பை எல்லாரும் தெய்வமாக்குகிறீர்கள். 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்து, உச்சம் −12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் மெட்டுக்காரி சொன்ன ஊளைப் பிரச்சினையே இல்லை. மெல்லிய பகுதியும் பிழைக்கும், உரத்த பகுதியும் உடையாது. பிறகு எக்கோ. என் பரிந்துரை:

ஒரே ஒரு மோனோ டிலே (ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்வது). 110–140 மில்லிசெகண்ட், திரும்ப ஒலிப்பது ஒன்று அல்லது இரண்டு முறை, அதற்குமேல் இல்லை. டிலேயின் வெளியீட்டில் 3,500 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டு, 200-க்குக் கீழும் வெட்டு. குரலையும் கிட்டாரையும் அதே டிலேக்குள் அனுப்ப வேண்டும், அளவு மட்டும் வேறு. தனித்தனி எக்கோ கொடுத்தால் இரண்டு பேர் இரண்டு அறையில் இருப்பது போல ஆகிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான். ரிவெர்ப் பிளகினில் "பெரிய மண்டபம்" தேர்ந்தெடுத்துவிட்டு நெப்ராஸ்கா வரவில்லை என்கிறார்கள். அந்த ஆல்பத்தில் மண்டபம் கிடையாது.

டிலேயின் வேகத்தில் சிறு தள்ளாட்டம் கொடுங்கள். டேப் எக்கோவில் மோட்டாரும் தேய்ந்த டேப்பும் தரும் அசைவு அது. கொஞ்சம் கூடினாலும் கடல்பயணம் போல ஆகும்.

வடலி:
எக்கோ விசயத்தில ஒத்துக்கொள்ளுறன். ஆனால் டிஜிற்றலில ஒரு குறை: முடிவை எப்பவும் தள்ளிப்போடலாம். நாலு டிராக்கில தள்ளிப்போட ஏலாது. நாலாவது டிராக்கில ஹார்மோனிகா வேணுமோ மாண்டலின் வேணுமோ எண்டு அந்த இரவே முடிவெடுக்கோணும். அதால்தான் அந்த அல்பத்தில ஒவ்வொரு கருவியும் ஒரு வரிக்காக மட்டும் வந்து போகுது.

கணினியில செய்யிறதெண்டால் நாலு டிராக்குக்கு மேல திறக்க மாட்டன் எண்டு விதி வையுங்கோ. மிக்சையும் ஒரே ஓட்டத்தில, கையால ஃபேடரைத் தள்ளி, ஸ்ரீரியோ கோப்பாய் இறக்குங்கோ. ஒட்டோமேசன் (கணினி தானாய் ஃபேடரை நகர்த்திறது) வேண்டாம்.

கணினிக்காது:
விதி நல்ல விதி. அதற்கு டேப் தேவையில்லை என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஒலிநாடா:
டேப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, பழைய போர்ட்டாஸ்டுடியோ வாங்கும்முன் பார்க்க வேண்டியவை.

பெல்ட். நாற்பது வருடப் பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கொண்டிருக்கும். "ஓடுகிறது, விளக்கு எரிகிறது" என்று விற்பனை விளம்பரத்தில் போட்டிருந்தால் பெரும்பாலும் மோட்டார் சுற்றுகிறது என்று மட்டும் பொருள். புதுப் பெல்ட் மாட்டும்முன் கப்பிகளில் ஒட்டிய பழைய எச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முழுக்கத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் வேகம் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்து பின்ச் ரோலர் (டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை): கண்ணாடி போல மினுக்கினாலோ வெடித்திருந்தாலோ டேப்பைத் தின்னும். ஹெட்டில் விரல்நகம் இடறும் அளவு பள்ளம் இருந்தால் வாங்காதீர்கள், ஹெட் கிடைப்பது பெல்ட் கிடைப்பது போல எளிதல்ல. நாலு டிராக்கிலும் தனித்தனியாகப் பதிந்து, தனித்தனியாகக் கேட்டுப்பாருங்கள். ஒரு டிராக் மட்டும் மங்கினால் அது அழுக்காகவும் இருக்கலாம், தேய்மானமாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு மறுபடி கேட்டால் தெரிந்துவிடும்.

கேசட்: டைப் 2 குரோம், சி-60. போர்ட்டாஸ்டுடியோ 144 இருமடங்கு வேகத்தில், நொடிக்கு 9.5 செ.மீ. ஓடும், நாலு டிராக்கையும் ஒரே திசையில் எழுதும். ஆகவே 60 நிமிடக் கேசட்டில் உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடம், மறுபக்கம் திருப்பக் கூடாது. சி-90 என்றால் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். சி-120 வேண்டவே வேண்டாம். டேப் மெல்லியது, இழுபடும், அடுத்த சுற்றின் ஒலி மங்கலாக இதில் பதிந்துவிடும்.

டிராக் ஒதுக்கீடு: பக்கத்துப் பக்கத்து டிராக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். டாம்பரினைக் குரலுக்கு அடுத்த டிராக்கில் வைக்காதீர்கள். கிட்டார் 1, குரல் 2 என்றால் இரண்டாம் குரல் 3, தாளம் 4.

144-இல் டால்பி பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை) உண்டு. பதியும்போது போட்டால் கேட்கும்போதும் போட வேண்டும். லெவல் மாறினால் டால்பி தவறாக இயங்கி மேல்தொனியைக் கடித்துவிடும்.

தந்திமுனை:
ஸ்டுடியோவில் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தபோது என்ன சிக்கல்? சட்டைப்பைக் கேசட்டை அப்படியே இசைத்தட்டாக்க முடிந்ததா?

ஒலிநாடா:
லேசில் முடியவில்லை. 1982 ஏப்ரலில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் தன் இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு இதே பாடல்களை எடுத்துப் பார்த்தார்கள், திருப்தி இல்லை. தனியாகவும் மறுபடி பாடிப் பார்த்தார், அந்தக் கேசட்டின் குணம் வரவில்லை. கடைசியில் கேசட்டையே வெளியிடுவது என்று முடிவான பிறகுதான் தலைவலி. தட்டு வெட்டும் ஊசி அந்த ஒலியைச் சரியாகப் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் சக் பிளாட்கினும் ஒலிப்பொறியாளர் டோபி ஸ்காட்டும் பல மாஸ்டரிங் கூடங்களில் முயன்று, கடைசியில் லெவலைக் கணிசமாகக் குறைத்து வெட்டித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

பொதுவாக ஏன் இப்படி ஆகிறது என்றால்: ஹெட்டின் அசிமுத் கோணம் (டேப்புக்கு ஹெட் நிற்கும் சாய்வு) சரியில்லாத கேசட்டில் இடது வலது சேனல்களுக்கு நடுவே ஃபேஸ் வித்தியாசம், அதாவது நூலிழை நேர வித்தியாசம் வரும். இசைத்தட்டில் இரு சேனலும் ஒன்றாக அசைந்தால் ஊசி பக்கவாட்டில் போகும். எதிர் எதிராக அசைந்தால் மேலும் கீழும் குதிக்கும். அடித்தொனியில் அப்படி நடந்தால் பள்ளம் ஆழமாகும் அல்லது காணாமல் போகும். மருந்து: அசிமுத்தைச் சரிசெய்து மறுபடி இறக்குவது, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்குவது, லெவலைக் குறைப்பது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஆறு பாட்டு, ஏறத்தாழ 25 நிமிடம். இரண்டாம் பக்கத்தில் நாலு பாட்டு, 15 நிமிடம்தான். வெட்டும் வசதிக்கு ஏற்ற பிரிப்பு அல்ல இது. 25 நிமிடம் ஒரு பக்கத்தில் அடக்க வேண்டுமென்றால் எப்படியும் லெவலைக் குறைத்தே ஆகவேண்டும். பழைய தட்டில் கேட்கிறவர்கள் ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். ஊசியின் தூசிச் சத்தம் கூடவே வரும், வேறு வழியில்லை.

கரகரப்பு:
2025 அக்டோபரில் விரிவாக்கப் பதிப்பில் அந்த பேண்ட் பதிவுகள் வெளியாகிவிட்டனவே. எட்டுப் பாட்டு. கேட்டுவிட்டு "இதையே வெளியிட்டிருக்கலாம்" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இங்குள்ளவர்கள் கருத்து என்ன?

மெட்டுக்காரி:
'ஜானி 99', 'ஓபன் ஆல் நைட்' இரண்டும் பேண்டோடு நன்றாக ஓடுகின்றன. அவற்றின் எலும்பு ராக்கபில்லி (பழைய துள்ளல் ராக்). 'ஓபன் ஆல் நைட்' மூலத்திலேயே எலெக்ட்ரிக் கிட்டார்தான். 'நெப்ராஸ்கா'வும் 'மேன்ஷன் ஆன் த ஹில்'லும் வேறு. டிரம் வந்த உடனே சொல்கிறவனுக்குத் துணை வந்துவிடுகிறது. அந்தப் பாட்டுகளின் ஆள் துணையில்லாதவன். டிரம் எவ்வளவு அடக்கி வாசித்தாலும் இது மாறாது.

அதே டெமோக் கேசட்டில் இருந்த 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' தலைகீழ்க் கதை. தனிக் கிட்டாரில் அது சுருங்கி நின்றது, பேண்டோடு வெடித்து 1984 ஆல்பத்துக்குப் பெயரே ஆனது. எனவே "எளிமை எப்போதும் நல்லது" என்று சட்டம் போட முடியாது. பாட்டுக்குப் பாட்டு சோதிக்க வேண்டும்.

கரகரப்பு:
'ரீசன் டு பிலீவ்' பேண்டோடு எப்படி? கடைசிப் பாட்டு, நம்பிக்கையோடு முடிகிறது என்பதால் கேட்கிறேன்.

மெட்டுக்காரி:
நம்பிக்கையோடு முடிகிறதா? வரிசையைப் பாருங்கள். சாலையோரம் செத்த நாயைக் குச்சியால் குத்திக்கொண்டு நிற்கிறவன், விட்டுப்போனவனுக்காகத் தினமும் காத்திருக்கிறவள், ஒரு ஞானஸ்நானம், ஒரு சாவு, ஆற்றங்கரையில் வராத மணப்பெண்ணுக்காக நிற்கும் மாப்பிள்ளை. இத்தனைக்கும் பிறகு மனிதர்கள் நம்ப ஏதோ காரணம் கண்டுபிடிக்கிறார்களே என்று சொல்கிறவனுக்கு வியப்புதான். மெட்டு குதூகலமாக இருப்பதால் ஏமாந்துபோகிறோம். பேண்ட் வாசித்தால் அந்தக் குதூகலம் இன்னும் கூடும், கசப்பு அடியில் போய்விடும்.

ரீல்_4:
தந்திமுனைக்கு: ஆறு பாட்டு என்றீர்கள். மெல்லிய பாட்டில் தொடங்காதீர்கள். மெல்லிய பாட்டில் அறையின் எல்லாச் சத்தமும் கேட்கும், அதைத் துரத்துவதிலேயே மாலை போய்விடும். நடுத்தர வேகப் பாட்டொன்றை எடுத்து மைக் தூரத்தையும் லெவலையும் உறுதி செய்யுங்கள். சுவரில் தரையிலிருந்து கிட்டார் உயரம் வரை ஜமக்காளமோ மெத்தையோ சாய்த்தால் போதும். மின்விசிறியையும் அதன் ரெகுலேட்டரையும் முழுக்க அணையுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரின் கிர்ர் சத்தம் ஒயர் வழியாகவே உள்ளே வரும், விசிறி தூரத்தில் இருந்தாலும். எலெக்ட்ரிக் கிட்டார் சேர்ப்பதாக இருந்தால் இது இன்னும் கறாராகப் பொருந்தும்.

ஹார்மோனிகாவைக் கழுத்துத் தாங்கியில் மாட்டிக்கொண்டு பாடினால் அது குரல் மைக்கிலேயே, குரலைவிடப் பல மடங்கு உரக்க விழும். லெவலை ஹார்மோனிகாவுக்கு வையுங்கள். அல்லது ஊதும்போது மைக்கை விட்டு 20 செ.மீ. விலகிப் பழகுங்கள். மூன்றாவது டிராக்கில் தனியாக எடுப்பது எளிது, ஆனால் மூச்சு கிட்டாரோடு ஒட்டாது.

தந்திமுனை:
கடைசியாக ஒன்று. கணினியில் எடுத்து, எக்கோவோடு கலந்து, பிறகு ஒரு சாதாரண ஸ்டீரியோ கேசட் டெக்கில் இறக்கித் திரும்பக் கணினிக்கு எடுத்தால்?

வடலி:
அதுதான் செலவு குறைஞ்ச வழி. நல்லாய் ஓடுற டெக் ஒண்டு போதும், நாலு டிராக் மெஷின் தேவையில்லை. ஹெட்டை ஆல்கஹோலால துடையுங்கோ. டால்பியை நிப்பாட்டுங்கோ. பதியிற லெவலை மீற்றர் 0-ஐ இடைக்கிடை தொடுற மாதிரி வையுங்கோ. +3-க்கு மேல போனால் குரல்ர ச, ஷ ஒலிகள் கிழியும். எடுத்த கேசற்றை அதே டெக்கிலதான் திருப்பிப் போட்டுக் கணினிக்கு ஏத்தோணும். வேற டெக்கில போட்டால் அசிமுத் பொருந்தாமல் மேல்தொனி முழுக்கப் போயிடும்.

கணினிக்காது:
ஏற்றிய பிறகு இரைச்சல் நீக்கும் பிளகின் போடாதீர்கள். பாட்டு முடிந்ததும் இரைச்சலும் சட்டென்று அறுபட்டுப் போகாமல், ஒரு நொடி விட்டுக் கையால் இறக்குங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவிலும் வெற்றுக் கேசட்டின் இரைச்சலையே இரண்டு நொடி வைத்தால் தொகுப்பு ஒட்டி நிற்கும்.